மஞ்சள் தண்ணீரில் தொடங்கிய உறுதி

1706ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டைக்கு ஒரு கட்டளை வந்து சேர்ந்தது. அனுப்பியவர் கொழும்பில் இருந்த ஒல்லாந்த ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ். பெற்றுக்கொண்டவர், திசாவை என்ற நிர்வாகப் பதவியில் இருந்த கிளாஸ் ஐசாக்ஸ். குடாநாட்டிலேயே 37 ஆண்டுகளைக் கழித்துவிட்ட மனிதர். கொழும்பு அவரிடம் கேட்டது ஒன்றுதான். இந்த மக்களின் சொத்து, கலியாணம், உரித்து பற்றிய வழக்கங்களை எழுதி அனுப்ப வேண்டும். ஒல்லாந்த நீதிபதிகளுக்கு ஊர் வழக்கம் தெரியாது. ஊர் வழக்கம் தெரிந்தவர்களிடமோ எழுத்தில் எதுவும் இல்லை. ஐசாக்ஸ் விசாரித்து எழுதத் தொடங்கினார். காணிக் கணக்குகளுக்கு நடுவே, அவருடைய சொந்த நாட்டிலேயே இல்லாத ஒரு வழக்கம் அவர் முன்னால் வந்து நின்றது.

வலிகாமத்தின் செம்மண் அப்படிப்பட்ட வழக்கங்கள் முளைக்கும் மண்தான். உரும்பிராய், கோப்பாய், இணுவில், உடுவில் என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். ஆறில்லை, பெரிய குளமில்லை. கிணற்றுத் தண்ணீரை இறைத்துத்தான் தோட்டம். ஒரு பரப்புக் காணிக்குப் பின்னால் மூன்று தலைமுறையின் முதுகுவலி இருக்கும். அதனால் சொத்தைப் பிரிப்பதில் யாழ்ப்பாணத்தார் கறாராக இருந்தார்கள். முன்னோர் வழி வந்தது முதுசம். பெண்ணோடு போவது சீதனம். கலியாணத்துக்குப் பின் இருவரும் உழைத்துச் சேர்ப்பது தேடிய தேட்டம். ஒவ்வொன்றும் யாருக்குப் போகும் என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பிள்ளையில்லாத தம்பதி கண்ணை மூடினால் சொத்து சகோதரங்களுக்கு. அதுவும் தெளிவு. அந்தத் தம்பதி வேறொருவர் பெற்ற பிள்ளையை மடியில் போட்டு வளர்த்திருந்தால்?

அதற்கும் விடை இருந்தது, மஞ்சள் கரைத்த ஒரு பாத்திரத் தண்ணீரில். பிள்ளையை எடுக்க விரும்புகிறவர்கள் முதலில் தங்கள் சகோதரங்களிடமும் நெருங்கிய உறவுகளிடமும் சம்மதம் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளை வராவிட்டால் சொத்து அவர்களுக்குத்தானே போயிருக்கும். சம்மதித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து மஞ்சள் தண்ணீரில் விரலைத் தோய்ப்பார்கள். பிறகு அந்தத் தண்ணீரை வளர்க்கப் போகிறவர்கள் குடிப்பார்கள். அம்பட்டரும் வண்ணாரும் சாட்சிக்கு நிற்பார்கள். ஊரின் நல்லது கெட்டது எதுவும் அந்த இருவர் இல்லாமல் நடக்காது என்பதால், அவர்கள் பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி. தண்ணீர் தொண்டையை விட்டு இறங்கியதும் பிள்ளை பெற்ற வீட்டு உரிமையை இழந்து, வளர்க்கும் வீட்டின் வாரிசானது. விரல் தோய்க்க மறுத்தவர் தமக்கு வரக்கூடிய பங்கைத் தக்கவைத்துக்கொண்டார். ஆக, ஒரு பிள்ளையின் எதிர்காலம் எத்தனை விரல் மஞ்சளில் நனைகிறது என்பதைப் பொறுத்திருந்தது.

இதில் இன்னொரு புதுமையும் உண்டு. பாரத தேசத்துச் சாத்திரங்களில் தத்து என்றால் ஆண்பிள்ளைதான். பிதிர்க்கடன் செய்யவும் கொள்ளி வைக்கவும் ஒரு மகன் வேண்டும் என்பதே அதன் வேர். ஐசாக்ஸ் எழுதிய யாழ்ப்பாண வழக்கத்தில் பெண்பிள்ளையையும் எடுக்கலாம். ஓமம் இல்லை, பூசகர் இல்லை, மோட்சக் கணக்கு இல்லை. வீடு, பிள்ளை, காணி, உறவுகளின் சம்மதம், அவ்வளவுதான். இந்த வெறுமை பிற்காலத்தில் எத்தனை கிறிஸ்தவ வீடுகளுக்குக் கதவைத் திறந்து வைக்கும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஐசாக்ஸ் பேனாவை எடுத்தபோது அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்கச் சொந்த ஊரில் ஒன்றும் இருக்கவில்லை. ஒல்லாந்தில் தத்தெடுப்புக்குச் சட்டம் கிடையாது. அந்நாட்டின் சட்ட மேதை குரோஷியஸ் காலத்திலேயே அது வழக்கொழிந்த சங்கதி. ஆனால் அதே ஒல்லாந்தரின் ஆலயங்களில், வேதாகமத்தைத் திறந்தால், பவுல் அப்போஸ்தலன் தத்தெடுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ரோமருக்கு, கலாத்தியருக்கு, எபேசியருக்கு என்று எழுதிய நிருபங்களில் எல்லாம் கடவுளுக்கும் மனிதருக்கும் உள்ள உறவைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்டது அதைத்தான். பவுல் அதை எங்கே கண்டார்?

ரோமரின் சட்டத்தில். அங்கே தத்தெடுப்பு பேரரசையே கைமாற்றும் வலிமை கொண்டது. ஜூலியஸ் சீசரின் மரண சாசனம் ஒக்டேவியன் என்ற இளைஞனை மகனாக்கியது. அவனே அகஸ்டஸ் ஆனான். வளர்ப்பு மகனுக்குத் தகப்பனின் பெயர், குலம், சொத்து எல்லாம் முழுமையாகச் சேர்ந்தன. ரோமருக்குக் கடிதம் எழுதியவர், அவர்களுக்கு நன்கு தெரிந்த இந்த உண்மையைத்தான் எடுத்தாண்டார். வேதாகமமோ அதற்கு முன்பிருந்தே வளர்ப்புப் பிள்ளைகளால் நிறைந்தது. மோசேயை வளர்த்தவள் பார்வோனின் மகள். எஸ்தரை வளர்த்தவன் மொர்தெகாய். எல்லாவற்றுக்கும் மேலாக மத்தேயு எழுதிய முதல் அதிகாரம். இயேசுவைத் தாவீதின் வம்சத்தோடு இணைக்கும் அந்த நீண்ட வம்சவரலாறு வந்து நிற்பது யோசேப்பில். பெறாத தகப்பன் வழியாகவே மேசியாவுக்கு வம்சம் கிடைத்தது. இவ்வளவையும் வாசித்து வளர்ந்த ஐரோப்பா தத்தெடுப்பை எப்படித் தொலைத்தது?

மெல்ல மெல்லத்தான். பேரரசு சரிந்தபின் நிலமே எல்லாம் என்றானது. நிலம் இரத்த வழியில் மட்டும் இறங்க வேண்டும் என்று பிரபுக்கள் பிடிவாதம் பிடித்தார்கள். ஜாக் கூடி என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1983இல் இதற்கு ஒரு துணிச்சலான விளக்கம் சொன்னார். பிள்ளையில்லாதவர்கள் சொத்தைத் திருச்சபைக்கு எழுதிவைப்பார்கள். தத்துப்பிள்ளை வந்தால் அந்த வழி அடைபடும். ஆகவே திருச்சபையும் அதை ஊக்குவிக்கவில்லை. எல்லா வரலாற்றாசிரியரும் இதை ஏற்கவில்லை. ஆனால் விளைவு பற்றிச் சந்தேகம் இல்லை. பிரசங்கபீடத்தில் புத்திர சுவிகாரம் என்ற பெயரில் தத்தெடுப்பு முழங்க, நீதிமன்றத்தில் அதற்கு நாற்காலி இல்லாத நிலை நூற்றாண்டுகள் நீடித்தது. அந்தக் காலம் முழுவதும், பவுல் பார்த்தேயிராத ஒரு தீவின் வடமுனையில், விரல்கள் மஞ்சளில் நனைந்துகொண்டிருந்தன.

1707 ஜனவரியில் ஐசாக்ஸ் தொகுப்பை முடித்தார். யான் பீரூஸ் என்பவர் அதைத் தமிழாக்கினார். 12 முதலியார்கள் வாசித்துப் பார்த்து, இதுவே எங்கள் வழக்கம் என்று உறுதி சொன்னார்கள். அதுதான் தேசவழமை. அதே நூலில் அடிமைகளை வைத்திருப்பது பற்றிய பகுதியும் இருந்தது என்பதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஒரு பிள்ளைக்கு வீடு தந்த அதே ஏடு, இன்னொரு பிள்ளையைப் பிறப்பாலேயே அடிமையாக்கியது. சாட்சிக்கு நின்ற இருவரும் விரும்பி நின்றவர்கள் அல்லர், சாதித்தொழிலோடு பிணைத்த குடிமை முறைக்குக் கட்டுப்பட்டு நின்றவர்கள். இலங்கையில் அடிமை முறை ஒழிய 1844 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தத்துப் பகுதியோ ஆட்சி மாறியும் பிழைத்தது. ஆங்கிலேயர் வந்தார்கள். பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் காலத்தில் தேசவழமை ஆங்கிலமானது. 1806இல் 18ஆம் இலக்கப் பிரமாணம் அதற்குச் சட்ட வலுவைக் கொடுத்தது. தத்தெடுப்பு என்பதையே அறியாத இங்கிலாந்தின் சட்டம், யாழ்ப்பாணத்து மஞ்சள் தண்ணீருக்கு முத்திரை குத்தியது.

தேசவழமை சமயத்தைப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத் தமிழரா என்பதை மட்டும் பார்த்தது. சைவ வீட்டுக்கு எந்த விதியோ வேதக்கார வீட்டுக்கும் அதே விதி. ஓமமும் பூசையும் கலந்திருந்தால் ஞானஸ்நானம் பெற்ற தம்பதிகள் சங்கடப்பட்டிருப்பார்கள். வெறும் மஞ்சளில் மனச்சாட்சியை உறுத்த என்ன இருக்கிறது? ஆனால் சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது.

உறவுகள். விரல் நீட்டுவதென்றால் கையிலிருக்கும் காணியை விடுவதென்று அர்த்தம். மண்ணின் விலை ஏற ஏற நீளும் விரல்கள் குறைந்தன. அதற்குள் ஒல்லாந்தர் காலத்து நொத்தாரிசு முறையும் வேரூன்றிவிட்டது. வளர்த்த பிள்ளைக்கு ஏதாவது கொடுக்க நினைத்தவர்கள் ஊரைக் கூட்டாமல் நொத்தாரிசிடம் போய் நன்கொடை உறுதி எழுதத் தொடங்கினார்கள். பிள்ளைக்குக் காணி கிடைத்தது. மகன், மகள் என்ற பெயர் கிடைக்கவில்லை. 1911இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரித்துச் சட்டம் பழைய உரித்து விதிகளைப் பெரும்பாலும் மாற்றி எழுதியது. மஞ்சள் தண்ணீர் வழக்கிலிருந்து மறைந்தது. வளர்ப்புப் பிள்ளை மீண்டும் திண்ணைக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றது. இதற்கிடையில் உரும்பிராய்க்கு மேற்கே, நடந்து போகும் தூரத்தில், வேறொரு விதமான பெற்றோர் உருவாகியிருந்தார்கள்.

1816இல் அமெரிக்க மிஷனரிகள் தெல்லிப்பழையில் வந்து இறங்கினார்கள். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் சிரித்த காலம். முதல் மாணவிகள் எப்படி வந்தார்கள் என்று உடுவிலில் வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். மிஷன் வீட்டை வேடிக்கை பார்க்க வந்த இரண்டு சிறுமிகள் பெருமழையில் மாட்டிக்கொண்டார்கள். இருட்டியது. வெள்ளம் வடியவில்லை. பசியில் அழுதார்கள். ஆனால் வேற்றார் வீட்டில் கை நனைத்தால் சாதி போய்விடும். கடைசியில் பசி வென்றது. செய்தி கேட்ட பெற்றோர் கொதித்துப்போனார்கள். பிறகு யோசித்தார்கள். சாப்பிட்டது சாப்பிட்டதுதான், இனி நீங்களே வைத்து வளருங்கள், படிப்பியுங்கள். ஒரு கவளம் சோறு இரண்டு பிள்ளைகளின் வீட்டை மாற்றிவிட்டது என்பது கதை.

கதை எப்படியோ, அதற்குப் பின் நடந்தவை பதிவானவை. விடுதியில் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சோறும் உடையும் மிஷன் கொடுத்தது. படித்து முடித்த பெண்கள் அதே மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த இளைஞர்களை மணந்தபோது சீதனமும் மிஷனே கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் தகப்பன்தான் என்பதற்குச் சீதனத்தைவிடப் பெரிய சாட்சி கிடையாது. செலவுக்கான காசு அமெரிக்காவின் சிறு ஊர்ச் சபைகளிலிருந்து வந்தது. ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்ட கொடையாளர் அப்பிள்ளைக்கு ஒரு பெயரும் வைக்கலாம். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று தமிழறிஞர் வரிசையில் நிற்கும் பெயர்களின் முன்பாதி அப்படிக் கடல் கடந்து வந்தது. தூரத்துப் பிள்ளை ஒன்றுக்கு மாதாமாதம் பணம் அனுப்பி, கடிதம் எழுதி, படத்தை வீட்டில் மாட்டிவைக்கும் இன்றைய ஏற்பாட்டின் மூத்த உருவங்களில் ஒன்று இது. பெயர் இருந்தது, பாசம் இருந்தது, ஜெபம் இருந்தது. சட்டம் மட்டும் இல்லை. அதற்கான முதல் வரி, அந்த மிஷனரிகளில் பலர் பிறந்த மண்ணிலேயே எழுதப்பட இருந்தது.

தெல்லிப்பழையில் இறங்கியவர்களில் ஒருவரான டானியல் பூவரின் சொந்த ஊர் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் டான்வர்ஸ். அவர் யாழ்ப்பாணத்தில் உழைத்துக்கொண்டிருந்தபோதே, 1851 மே மாதம், அம்மாநிலம் பிள்ளைகளைத் தத்தெடுப்பதற்கு ஒரு சட்டம் செய்தது. பெற்றவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், நீதிபதி விசாரித்துத் திருப்திப்பட வேண்டும், அதன்பின் பிள்ளை முழுப்பிள்ளை. நவீன உலகின் தத்தெடுப்புச் சட்டங்களுக்கு இதையே தொடக்கமாகச் சொல்கிறார்கள். கேள்வியும் தலைகீழானது. சொத்துக்கு வாரிசு உண்டா என்பது போய், பிள்ளைக்கு நல்ல வீடு கிடைக்குமா என்பது வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துப் பூவர் மானிப்பாயில் கொள்ளைநோய்க்குப் பலியானார். சொந்த மாநிலத்துச் சட்டம் யாழ்ப்பாணத்தை எட்ட இன்னும் ஏறத்தாழ 90 ஆண்டுகள் இருந்தன.

அந்த இடைவெளியில் வளர்ப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புதிய இடைஞ்சல் முளைத்தது. 1867 முதல் இலங்கையில் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு ஒழுங்காக நடைமுறைக்கு வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் ஒரு கட்டம் இருந்தது: பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா? தகப்பன் பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு, இந்தக் கட்டத்தில் ஒரு ‘இல்லை’. பாடசாலையில் சேர்க்கும் மேசையில் அந்தத் தாளை விரித்தால் பிள்ளையின் கதை முழுவதும் அங்கிருந்தவர்கள் கண்ணில் பட்டது. ஞானஸ்நானப் பதிவில் வளர்த்தவர் பெயரை எழுதிக்கொள்ளலாம். அரசாங்கப் பதிவில் முடியாது. அன்பு இருந்தும் தாள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை, பாக்கு நீரிணைக்கு அக்கரையில் ஒரு அம்மா அனுபவித்துக்கொண்டிருந்தார்.

1901 மார்ச்சில், திருநெல்வேலிச் சீமையின் பண்ணைவிளையில், கோயிலுக்கு ஒப்படைக்கப்பட இருந்த பிரீனா என்ற சிறுமி தப்பி ஓடிவந்து, அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேலிடம் சேர்ந்தாள். அதற்குப் பின் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். டோனாவூரில் அவர்களுக்கு வீடு கட்டினார் ஏமி. பெரிய கூடமாக அல்ல, ஒவ்வொரு சிறு குடும்பத்துக்கும் ஒரு தாய் என்று சின்னச் சின்ன வீடுகளாக. எல்லோருக்கும் அவர் அம்மா. சட்டத்துக்கு அல்ல. ஒரு சிறுமியை அவளுடைய தாயிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நிறைவேறும் முன் சிறுமி காணாமல் போனாள். அவள் சீனாவில் பத்திரமாக இருக்கிறாள் என்ற செய்தி பிறகே வந்தது. வளர்த்தவளுக்கு நீதிமன்றத்தில் நிற்க ஒரு பிடிமானமும் இல்லாததால்தான் ஒரு பிள்ளை இப்படி நாடு நாடாக ஒளிய நேர்ந்தது. பிள்ளையைப் பெற்றவளுடைய வலியும் அந்தக் கதையில் இருக்கிறது. அதை எடைபோடும் சட்டமும் அன்று இல்லை.

இங்கிலாந்தை அசைக்க ஒரு உலகப்போர் தேவைப்பட்டது. 1918க்குப் பின் தகப்பனில்லாப் பிள்ளைகள் பெருகினார்கள். எடுத்து வளர்த்தவர்களோ, பெற்றவள் ஒருநாள் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது என்று பயந்தார்கள். இரண்டு விசாரணைக் குழுக்கள் கூடிக் கலைந்தபின் 1926இல் தத்தெடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதிலும் ஒரு ஓட்டை. வளர்த்தவர் மரண சாசனம் எழுதாமல் இறந்தால் தத்துப்பிள்ளைக்குச் சொத்தில் பங்கு இல்லை. அந்தக் குறை தீர 1949 வரை சென்றது. யாழ்ப்பாணத்து முதலியார்கள் 1707இலேயே சரியென்று தலையாட்டிய விஷயத்துக்கு வெஸ்ற்மினிஸ்ரர் எடுத்துக்கொண்ட காலம் அது.

கொழும்பு அந்தத் தவறைச் செய்யவில்லை. அரசாங்க சபை 1941இல் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1944இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலச் சட்டத்தின் சாயல் அதில் உண்டு. ஆனால் எடுத்த பிள்ளை, எடுத்தவர்களின் சட்டப்படியான திருமணத்தில் பிறந்த பிள்ளையாகவே கருதப்படும் என்று அது சொன்னது. எடுப்பவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும். பிள்ளையைவிட 21 வயதாவது மூப்பு வேண்டும். சகோதரங்களின் சம்மதம் தேவையில்லை. சமயம் எதுவானாலும் ஒரே வாசல். இந்தியாவில் 1956இல் வந்த சட்டம் இந்துக்களுக்கு மட்டுமே தத்துரிமை தந்தது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத் தம்பதி 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாதுகாவலர் ஆக முடிந்தது, பெற்றோர் ஆக முடியவில்லை. பிள்ளை வயதுக்கு வந்ததும் அந்த உறவும் சட்டப்படி முடிந்துபோனது. இளைஞர் நீதிச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது 2000க்குப் பிறகு. கோப்பாய்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், நாகர்கோவில் குடும்பத்துக்கு அரை நூற்றாண்டு முன்னதாகவே சட்டப்படி அப்பா அம்மா ஆகிவிட்டது.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணம் அதில் ஒரு ஆதீனமானது. சபாபதி குலேந்திரன் முதல் பேராயர். குடாநாட்டு ஆலயங்களில் தத்துப்பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைக்கும் ஒரே ஞானஸ்நானத் தொட்டிதான். பெற்றோர் கொடுக்கும் வாக்குறுதியும் ஒன்றுதான். விசுவாசத்திலும் கர்த்தருடைய பயத்திலும் வளர்ப்போம் என்று சபையின் முன் சொல்லும்போது, பெற்றவரா வளர்த்தவரா என்று அந்த ஒழுங்குமுறை கேட்பதில்லை. ஆலயத்திலும் பிள்ளை முழுப்பிள்ளை, கச்சேரியிலும் முழுப்பிள்ளை என்ற நிலை முதல்முறையாகக் கைகூடியது. கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை.

1980களில் இந்தச் சட்டத்தையே ஏணியாக்கிப் பிள்ளை வியாபாரம் புகுந்தது. தெற்கில் ‘பிள்ளைப் பண்ணைகள்’ என்று அழைக்கப்பட்ட இடங்களில் குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். போலிப் பிறப்புச் சான்றிதழ்கள் தயாராயின. பெற்றவளாக நடிக்க நீதிமன்றத்துக்குக் கூலிக்குப் பெண்கள் வந்தார்கள். அக்காலத்தில் ஏறத்தாழ 11,000 இலங்கைப் பிள்ளைகள் வெளிநாடுகளுக்குப் போனதாகக் கணக்குச் சொல்கிறார்கள். அவர்களில் பெருந்தொகையினர் போய்ச் சேர்ந்த நாடு நெதர்லாந்து. கிளாஸ் ஐசாக்ஸின் நாடு. 1956இல்தான் தன் சட்டத்தில் தத்தெடுப்புக்கு இடம் கொடுத்த நாடு. அங்கே எடுத்தவர்களில் எத்தனையோ பேர் நல்ல மனத்தோடு, ஜெபத்தோடு காத்திருந்து பிள்ளையைக் கையில் வாங்கியவர்கள். அவர்கள் கையிலிருந்த தாள் மட்டும் பொய். வளர்ந்த பிள்ளைகள் தாயைத் தேடி இலங்கைக்கு வந்தபோதுதான் அது வெளிப்பட்டது. 2017இல் டச்சுத் தொலைக்காட்சி அதை அம்பலமாக்கியது. 2021 பெப்ரவரியில் விசாரணைக் குழுவின் அறிக்கையைப் பார்த்த நெதர்லாந்து அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. மஞ்சள் தண்ணீர்க் காலத்தில் பெற்றவளும் வளர்ப்பவளும் யார் என்பது சாட்சி நின்ற ஊருக்கே தெரியும். மூடிய அறையில், தரகர் கைமாற்றும் தாளுக்கு அந்தக் காவல் இல்லாமல் போயிற்று.

இலங்கை 1992இல் சட்டத்தை இறுக்கியது. வெளிநாட்டார் தத்தெடுப்பு என்பது நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு ஆணையாளரின் கை வழியாகவே நடக்க வேண்டும் என்றானது. வடக்கில் அப்போது வேறொரு பேரழிவு, போர். 1987 ஒக்ரோபரில் உரும்பிராய் போர்க்களமானது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தது. பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் வைத்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தவர்கள் உண்டு. பையைத் தொலைத்தவர்களும் உண்டு. பெற்றோரைத் தொலைத்த பிள்ளைகளும் உண்டு. சித்தியும் மாமியும் அயலாரும் அவர்களை எடுத்து வளர்த்தார்கள். சபைகளும் கோயில்களும் இல்லங்கள் நடத்தின. அமைதி வந்து பாடசாலை, அடையாள அட்டை, கடவுச்சீட்டு என்று ஒவ்வொரு மேசையிலும் தாள் கேட்கப்பட்டபோது, வளர்த்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

அங்கே நடப்பது ஆரவாரமில்லாத காரியம். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்க்கிறார். உழைப்பு எவ்வளவு, யார் யார் வீட்டில், பிள்ளை எங்கே படுக்கும் என்று கேட்கிறார். அறிக்கை நீதிபதிக்குப் போகிறது. பெற்றவர் இருந்தால் அவருடைய சம்மதம் கேட்கப்படுகிறது. நீதிபதி கட்டளையிட்டதும் பதிவாளர் நாயகத்தின் மகவேற்புப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் ஏறுகிறது. சில வாரங்களிலோ மாதங்களிலோ வீட்டுக்கு வந்து சேர்வதுதான் மகவேற்புச் சான்றிதழ். பிறப்புச் சான்றிதழ் கேட்கும் இடத்தில் காட்டக்கூடிய ஒரு சாதாரணத் தாள். உரும்பிராயில் அதற்கு வழக்கமான இடம் அலுமாரிக்குள், காணி உறுதிக்கும் ஞானஸ்நானச் சான்றிதழுக்கும் நடுவில். வருடத்துக்கு ஒருமுறை பாடசாலை அனுமதிக்கோ புலமைப்பரிசில் படிவத்துக்கோ வெளியே வந்து, போட்டோப்பிரதி எடுக்கப்பட்டு, மறுபடி உள்ளே போகும். யாரும் அதை நின்று பார்ப்பதில்லை.

1707இல் ஐசாக்ஸ் எழுதிய ஏட்டில் யார் யாரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று ஒரு வரிசை இருந்தது. சகோதரங்கள், சகோதரங்கள் இல்லாவிட்டால் அடுத்த உறவு, அதற்கும் அடுத்த உறவு. அந்த வரிசையில் ஒரே ஒருவருக்கு இடம் தரப்படவில்லை. 1941ஆம் ஆண்டுச் சட்டம் உறவுகள் எல்லாரையும் எடுத்துவிட்டு, அந்த ஒருவரைச் சேர்த்தது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளை என்றால், உனக்கு இது சம்மதமா என்று பிள்ளையிடம் கேட்காமல் நீதிபதி அந்தத் தாளில் கையெழுத்திட முடியாது.